உப்பில் கரைந்த கழலை

ஆஸ்திரியா, பவேரியா மலைநாட்டுப் பெண்களின் மரபு உடையோடு சேர்ந்தது ஒரு கழுத்தணி. வெள்ளிச் சங்கிலியைப் பல சரமாக அடுக்கி, முன்புறம் வேலைப்பாடு மிகுந்த அகலக் கொக்கி வைத்து, தொண்டைக்குழியே தெரியாதபடி கழுத்தை ஒட்டி அணிவார்கள். ஊர்வழக்கில் அதற்குக் கழலைச் சங்கிலி என்று பெயர். இன்று அது திருவிழா அலங்காரம். ஒரு காலத்தில் முன்கழுத்தில் புடைத்து நின்ற கழலையை மறைப்பதும் அதன் வேலையாக இருந்தது.

ஆல்ப்ஸ் மலைத்தொடரில் அந்தக் கழலை மிகப் பழையது. ரோமானியக் கவிஞர் ஜூவெனலின் காலத்திலேயே ஆல்ப்ஸ் மலையையும் பெருத்த கழுத்தையும் சேர்த்துப் பேசும் வழக்கம் இருந்தது. பின்னாளில் அந்தப் பள்ளத்தாக்குகளைக் கடந்த பயணிகள் பலர் தாங்கள் கண்ட கழுத்துகளைப் பற்றிக் குறிப்பெழுதி வைத்தார்கள். சிலருக்குக் கோழிமுட்டை அளவு. சிலருக்கு மார்புவரை தொங்கும் அளவு. மூச்சுக்குழாயைக் கழலை நெரித்ததால் படுத்துறங்க முடியாமல் தவித்தவர்களும், மூச்சுத் திணறியே இறந்தவர்களும் உண்டு.

அதைவிடப் பெரிய துயரம் அதே வீடுகளில் பிறந்த சில குழந்தைகளுக்கு நேர்ந்தது. உயரம் குன்றி, நாக்கு தடித்து, பலருக்குக் காது கேளாமல், பேச்சு வராமல், அறிவு வளர்ச்சி தடைப்பட்டு அவர்கள் வாழ்ந்தார்கள். 'கிரெட்டினிசம்' என்று மருத்துவர்கள் அழைத்த நிலை இது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நெப்போலியனின் ஆட்சி ரோன் ஆற்றின் மேற்பள்ளத்தாக்கான வலே பகுதியில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. சுமார் 70,000 மக்களில் ஆயிரக்கணக்கானோர் இந்த நிலையில் இருப்பதாக அது பதிவுசெய்தது.

இதற்குக் காரணம் என்னவென்று நூறாண்டுகளுக்கும் மேலாகத் தேடினார்கள். பனி உருகிய நீர், சுண்ணாம்பு கலந்த நீர், வெயில் படாத பள்ளத்தாக்கின் தேங்கிய காற்று, நெருங்கிய உறவுக்குள் நடந்த திருமணம், வறுமை, அழுக்கு என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொன்னார்கள். மலை ஏறிப் பழகிய ஜெனீவா அறிஞர் ஓராஸ் பெனடிக்ட் தெ சொஸ்யூர், குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் கிரெட்டினிசம் தென்படுவதில்லை என்று எழுதினார். அந்தக் கருத்தை நம்பித்தான் இளம் மருத்துவர் யோஹான் யாகோப் குகன்ப்யூல் 1841இல் இன்டர்லாக்கன் அருகே ஆபென்ட்பெர்க் மலைச்சரிவில் ஒரு காப்பகம் தொடங்கினார். நல்ல காற்று, பால், உடற்பயிற்சி, கல்வி ஆகியவற்றால் இந்தக் குழந்தைகளைக் குணப்படுத்தலாம் என்பது அவர் நம்பிக்கை. ஐரோப்பா முழுவதும் அவரைப் போற்றியது. ஆனால் குணம் கிடைக்கவில்லை. பராமரிப்பிலும் குறைகள் வெளிவந்து காப்பகம் மூடப்பட்டது. ஆனாலும் அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கும் தனிக் கவனிப்பு வேண்டும் என்ற எண்ணம் பல நாடுகளில் பரவியதில் அவர் முயற்சிக்குப் பங்கு உண்டு.

அளவு தெரியாத மருந்து

விடையின் முதல் துண்டு போர்க்களத்துக்கான வெடிமருந்துத் தொழிலிலிருந்து வந்தது. நெப்போலியன் போர்களின்போது பாரிஸில் வெடியுப்புத் தயாரித்துக்கொண்டிருந்த பெர்னார் கூர்துவா, கடற்பாசிச் சாம்பலிலிருந்து உப்புகளைப் பிரித்தெடுத்து வந்தார். 1811இல் ஒருநாள் அந்தச் சாம்பல் கரைசலில் கந்தக அமிலம் கூடுதலாக விழுந்துவிட, ஊதா நிற ஆவி எழுந்தது. அது குளிர்ந்த இடத்தில் கருமையான படிகங்கள் படிந்தன. அயோடின் உலகுக்குத் தெரியவந்தது அப்படித்தான்.

ஜெனீவா மருத்துவர் ழான்-பிரான்சுவா குவாந்தே இதில் ஒரு தொடர்பைக் கண்டார். கடற்பஞ்சைச் சுட்டுக் கரியாக்கிக் கழலைக்குக் கொடுப்பது பழைய மருத்துவ வழக்கம். கடற்பஞ்சும் கடற்பாசியும் ஒரே கடலில் விளைபவை. கழலையைக் கரைப்பது அயோடினாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணி, அதைச் சாராயத்தில் கரைத்துச் சொட்டுகளாகக் கொடுத்தார். 1820 ஜூலையில் சுவிஸ் இயற்கை அறிவியல் கழகத்தின் முன் தன் முடிவுகளை வைத்தார். பல கழலைகள் சில வாரங்களில் சுருங்கியிருந்தன.

ஜெனீவாவில் அயோடின் மோகம் பரவியது. மருத்துவரைக் கேட்காமலே மக்கள் வாங்கிக் குடித்தார்கள். அளவு மிஞ்சியதில் சிலருக்கு உடல் மெலிந்து, நெஞ்சு படபடத்து, கை நடுக்கம் கண்டது. மருந்துக்கு நஞ்சு என்ற பெயர் வந்தது. பிறகு 1850களில் பாரிஸைச் சேர்ந்த அடோல்ஃப் ஷாத்தன், நீரிலும் மண்ணிலும் அயோடின் குறைந்த ஊர்களில்தான் கழலை மிகுதி என்று அளந்தே காட்டினார். பிரெஞ்சு அறிவியல் உலகம் அதை ஏற்க மறுத்துவிட்டது. பிரான்சின் சில பகுதிகளில் உப்பில் அயோடின் சேர்த்துக் கொடுத்தும் பார்த்தார்கள். ஆனால் ஒரு கிலோ உப்பில் நூறு மில்லிகிராமுக்கும் மேல் கலந்ததால் பக்கவிளைவுகள் தோன்றி அந்த முயற்சி கைவிடப்பட்டது. உடலுக்கு எவ்வளவு வேண்டும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. கழலையாக வீங்கும் தைராய்டு சுரப்பி எதற்காக இருக்கிறது என்பதே தெரியாத காலம் அது.

பெர்ன் நகரத்தின் அறுவை மேசை

தைராய்டு சுரப்பியின் பயனை உலகம் ஒரு கொடுமையான வழியில் கற்றுக்கொண்டது. சுரப்பியை வெட்டி எடுத்துவிட்டு, பிறகு என்ன ஆகிறது என்று பார்த்த வழி அது.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 1872இல் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியரான தியோடர் கோஹரைத் தேடி மலைக்கிராமங்களிலிருந்து கழலை நோயாளிகள் வந்தபடி இருந்தார்கள். அதுவரை கழுத்தைக் கீறிக் கழலையை எடுப்பது ஏறக்குறைய மரண தண்டனை. இரத்தப்பெருக்கும் சீழும் நோயாளியைக் கொன்றுவிடும். கோஹர் கிருமிநீக்க முறையைக் கடுமையாகக் கடைப்பிடித்தார். ஒவ்வொரு இரத்தக்குழாயையும் கட்டிவிட்டே அடுத்த திசுவைத் தொடுவார். இரத்தக்குழாயை இறுக்கிப் பிடிக்க அவர் வடிவமைத்த இடுக்கி இன்றும் அவர் பெயராலேயே அறுவை அரங்குகளில் புழங்குகிறது. அவர் வாழ்நாளில் 5,000க்கும் மேற்பட்ட தைராய்டு அறுவைச் சிகிச்சைகள் செய்தார்; கடைசிக் காலத்தில் இறந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு.

1874இல் 11 வயதுச் சிறுமி ஒருத்தியின் சுரப்பியை அவர் முழுவதுமாக அகற்றினார். காயம் நன்றாக ஆறி அவள் வீடு திரும்பினாள். பின்னர் அவள் குணமே மாறிவிட்டது என்று ஊர் மருத்துவரிடமிருந்து தகவல் வந்தது. 1882 செப்டம்பரில் ஜெனீவாவில் நடந்த ஒரு மாநாட்டில், அந்நகர அறுவை மருத்துவர் ழாக்-லூயி ரெவெர்தான், தன் நோயாளிகளிடமும் இப்படிப்பட்ட மாற்றத்தைக் கண்டதாகக் கோஹரிடம் சொன்னார். கோஹர் தன் பழைய நோயாளிகளுக்குக் கடிதம் எழுதி வரவழைத்தார். முழுச் சுரப்பியையும் இழந்தவர்களில் 18 பேரை அவர் பரிசோதித்தார். அவர்களில் 16 பேர் முகம் ஊதி, தோல் வறண்டு, குளிர் தாங்காமல், பேச்சும் நடையும் மந்தமாகி நின்றார்கள். அந்தச் சிறுமியின் தங்கை அக்காவைவிட உயரமாக வளர்ந்துவிட்டாள். அக்கா குழந்தையின் உயரத்திலேயே நின்றுபோயிருந்தாள். பள்ளத்தாக்குகளில் பிறவியிலேயே காணப்பட்ட குறை, அறுவை மேசையில் செயற்கையாக உண்டாகியிருந்தது.

1883 ஏப்ரலில் பெர்லினில் நடந்த ஜெர்மன் அறுவை மருத்துவர் மாநாட்டில் கோஹர் இதை மறைக்காமல் எடுத்துவைத்தார். புற்றுநோய் அல்லாத கழலைக்கு இனி முழுச் சுரப்பியையும் எடுப்பதில்லை என்று முடிவுசெய்தார். பறிபோனதைத் திருப்பித்தரும் முயற்சியாக, அதே ஆண்டு ஒரு நோயாளிக்குத் தைராய்டு திசுவைப் பொருத்தியும் பார்த்தார். உறுப்பு மாற்றுச் சிகிச்சையின் வரலாற்றை எழுதுவோர் பலர் அந்த நாளிலிருந்தே தொடங்குகிறார்கள். 1909இல் தைராய்டு பற்றிய பணிக்காக அவருக்கு நோபல் பரிசு வந்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் அறுவை மருத்துவர் அவர்தான்.

இதே காலத்தில் வியன்னாவில் தியோடர் பில்ரோத்தும் கழலைகளை அகற்றிவந்தார். அவருடைய நோயாளிகளுக்கு முகம் ஊதவில்லை; கை கால் தசைகள் இழுத்துக்கொண்டன. பிற்காலத்தில் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் இந்த வேறுபாட்டுக்கு ஒரு விளக்கம் தந்தார். கோஹர் நிதானமாக, துல்லியமாகச் சுரப்பியைச் சிறிதும் மிச்சமில்லாமல் எடுத்தார். அதன் பின்புறம் ஒட்டியிருந்த நான்கு நுண் சுரப்பிகளைத் தொடவில்லை. வேகமாக வேலைசெய்த பில்ரோத் தைராய்டில் கொஞ்சம் விட்டுவைத்தார். ஆனால் அந்த நுண் சுரப்பிகளையும் சேர்த்தெடுத்துவிட்டார். இரத்தத்தில் கால்சியம் அளவைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் அவை. இரண்டு மருத்துவர்களின் கைப்பழக்கம் இரண்டு வெவ்வேறு சுரப்பிகளின் வேலையைப் பிரித்துக் காட்டியிருந்தது.

ஆட்டுச் சுரப்பியிலிருந்து அணுவரை

அடுத்த அடி இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் வைக்கப்பட்டது. 1891இல் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர், தைராய்டு செயலிழந்த 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து இறக்கிய சாற்றை ஊசி வழியே செலுத்தினார். சில மாதங்களில் அவருடைய முகவீக்கம் வடிந்தது, பேச்சு தெளிந்தது, நடை மீண்டது. ஊசி தேவையில்லை, சுரப்பியை உண்டாலே போதும் என்பது அடுத்த ஆண்டே தெரிந்தது. லேசாக வறுத்த ஆட்டுத் தைராய்டைத் தின்னச் சொன்ன மருத்துவர்களும் இருந்தார்கள். மரேயின் நோயாளி மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 74 வயதில் இறந்தார். அதற்குள் 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் அவருக்குச் செலவாகியிருந்தன.

ஒரு விலங்கின் சுரப்பிச் சாறு ஒரு மனிதரின் உடல், மனம் இரண்டையும் மீட்டது மருத்துவத்துக்குப் புதிய செய்தி. அதுவரை உடலின் உள்தொடர்பு என்றால் நரம்பு மட்டும்தான். ஓர் உறுப்பு தன் சரக்கை இரத்தத்தில் கலந்துவிட்டு, தொலைவில் உள்ள உறுப்புகளை இயக்க முடியும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1902இல் லண்டனில் வில்லியம் பேலிஸும் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும் சிறுகுடலிலிருந்து கணையத்துக்கு இரத்த வழியே போகும் செக்ரிட்டினைக் கண்டறிந்தார்கள். இவ்வகைப் பொருள்களுக்கு ஹார்மோன் என்ற பொதுப்பெயரை ஸ்டார்லிங் 1905இல் சூட்டினார்.

தைராய்டின் சரக்கு என்ன? ஜெர்மனியின் ஃப்ரைபுர்கில் யூஜன் பௌமன், அந்தச் சுரப்பியில் அயோடின் இருப்பதை 1895இல் கண்டார். தன் சோதனையில் ஏதோ அசுத்தம் கலந்துவிட்டது என்றே முதலில் நினைத்தாராம். அந்தத் திசுவில் அயோடின் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. 1914 டிசம்பர் 25 அன்று அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் எட்வர்ட் கெண்டல் அந்த ஹார்மோனைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். சுமார் மூன்று டன் பன்றித் தைராய்டிலிருந்து அவருக்குக் கிடைத்தது 33 கிராம் தைராக்ஸின். 1926இல் இங்கிலாந்தின் சார்லஸ் ஹாரிங்டன் அதன் அமைப்பைத் தெளிவாக்கினார்: ஒவ்வொரு தைராக்ஸின் மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள்.

கழலையின் புதிர் இங்கே அவிழ்ந்தது. வளர்ந்தவரின் தைராய்டு சுமார் 20 கிராம் எடை இருக்கும். உடலில் உள்ள அயோடினில் பெரும்பகுதியை இது தன்னிடம் சேர்த்துவைத்து, தைராக்ஸினாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. திசுக்களுக்குப் போனதும் ஓர் அயோடின் அணு கழன்று, மூன்று அணு கொண்ட வீரியமான வடிவம் கிடைக்கிறது. அது செல்லின் உட்கருவுக்குள் புகுந்து மரபணுக்களின் இயக்கத்தை மாற்றுகிறது. இதயத்துடிப்பு, உடல் வெப்பம், எலும்பின் வளர்ச்சி, கருவில் உள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி எல்லாம் இதைச் சார்ந்தவை. 1912இல் குடர்நாட்ச் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டை உணவாகக் கொடுத்தபோது, அவை வளரும் முன்பே வாலை இழந்து ஈ அளவுத் தவளைகளாக மாறிப்போயின. அத்தனை வலிமை அந்தச் சரக்குக்கு.

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி இரத்தத்தில் தைராக்ஸின் அளவைக் கவனித்தபடி இருக்கிறது. அளவு குறைந்தால் தூண்டு ஹார்மோனைக் கூட்டித் தைராய்டை வேலை வாங்கும். நிறைந்தால் தூண்டுதலைக் குறைக்கும். அயோடின் கிடைக்காத ஊரில் இந்த ஏற்பாடு தடம் மாறுகிறது. தூண்டுதல் வந்துகொண்டே இருக்கிறது. சரக்கு செய்ய மூலப்பொருள் இல்லை. நூல் வராத கூடத்தில் தறியை மட்டும் கூட்டிக்கொண்டே போவது போலச் சுரப்பி தன் செல்களைப் பெருக்கிக்கொண்டே போகிறது. அந்தப் பெருக்கமே கழலை. கர்ப்பகாலத்தின் முதல் பாதியில் குழந்தை தாயின் தைராக்ஸினையே பெரிதும் நம்பியிருக்கிறது. தாய்க்கே போதாதபோது, பிறக்கும் குழந்தையின் மூளையும் காதும் பாதிக்கப்படுகின்றன. வலே பள்ளத்தாக்கின் அந்த ஆயிரக்கணக்கானோர், தாய் உண்ட சோற்றிலும் குடித்த நீரிலும் இருந்த ஒரு சிறு குறையின் விலையைக் கொடுத்தவர்கள்.

அந்தக் குறை நிலத்திலிருந்து வந்தது. பனியுகத்தில் பனியாறுகள் ஆல்ப்ஸின் பழைய மேல்மண்ணைச் சுரண்டிக்கொண்டு போயின. நீரில் எளிதாகக் கரையும் அயோடின் ஆறுகள் வழியே கடலில் சேர்ந்துவிட்டது. கடலிலிருந்து காற்றிலும் மழையிலும் அது திரும்பி வருவது மிக மெதுவாகத்தான். கடலிலிருந்து விலகிய மலைநாட்டுக்கு இன்னும் குறைவு. புல்லில் அயோடின் இல்லை. எனவே பாலில் இல்லை, பாலாடைக்கட்டியில் இல்லை, தானியத்திலும் இல்லை. வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் போதும். 70 ஆண்டு வாழ்க்கைக்கும் சேர்த்து நான்கு கிராமுக்குள்தான். அதுகூட அந்த மண்ணில் கிடைக்கவில்லை.

கிராம மருத்துவர்களின் உப்பு

கோஹரின் கத்தி ஆயிரமாயிரம் கழலைகளை அகற்றியது. ஆனால் புதிய கழலைகள் வருவது நிற்கவில்லை. 1920களின் தொடக்கத்தில் ராணுவத்துக்குத் தேர்வாக வந்த 19 வயது சுவிஸ் இளைஞர்களில் ஏறக்குறைய பத்துக்கு மூன்று பேருக்குக் கழலை இருந்தது. இதற்குத் தீர்வு கண்டவர்கள் பெரிய பல்கலைக்கழகங்களில் இல்லை. மூன்று பேர், மூவரும் ஊர் மருத்துவர்கள்.

முதலாமவர் சூரிச் அருகே ஆட்லிஸ்வில்லில் மருத்துவம் பார்த்த ஹைன்ரிச் ஹுன்ட்சிகர். கழலை என்பது கிருமியோ நஞ்சோ உண்டாக்குவதல்ல, அயோடின் குறைவுக்குச் சுரப்பி தன்னைத் தகவமைத்துக்கொள்ளும் முயற்சி என்று முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தில் அவர் வாதிட்டார். மருந்தாகத் தந்த கிராம் கணக்கு அளவை விட்டுவிட்டு, உணவில் இயல்பாக இருக்க வேண்டிய நுண் அளவை மட்டும் தினமும் தந்தால் போதும் என்பது அவர் கருத்தின் சாரம். குவாந்தேயின் காலத்திலிருந்து எல்லோரும் தவறவிட்ட இடம் அதுதான்.

இரண்டாமவர் ஒட்டோ பாயார்ட். செர்மாட் சிகரங்களுக்குப் போகும் பள்ளத்தாக்கில் அவருடைய மருத்துவப் பணி. அங்கே சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் கிரெஹென் என்ற ஒதுங்கிய கிராமத்தில் கழலை மலிந்திருந்தது. 1918இல் அவர் பொட்டாசியம் அயோடைடைச் சமையல் உப்பில் தானே கலந்து, சில குடும்பங்களுக்கு வெவ்வேறு அளவில் ஐந்து மாதம் கொடுத்தார். மிகக் குறைந்த அளவு பெற்ற வீடுகளில்கூடக் கழலை சுருங்கியது; யாருக்கும் கெடுதல் நேரவில்லை. பிறகு அதை முழுக் கிராமங்களுக்கும் விரித்தார். மருந்தை மக்கள் மறக்கலாம், மறுக்கலாம்; உப்பில்லாமல் யாரும் உண்பதில்லை. ஏழை வீட்டுக் கஞ்சிக்கும் அதுதான் சுவை.

மூன்றாமவர் ஹெரிசாவ் நகர மருத்துவமனையின் தலைமை மருத்துவர் ஹான்ஸ் எகன்பெர்கர். சுவிட்சர்லாந்தில் உப்பு விற்பனை 'கான்டன்' எனப்படும் ஒவ்வொரு மாநில அரசின் தனியுரிமை. அரசு மனம்வைத்தால் ஒரே நாளில் எல்லா வீட்டு உப்பும் மாறிவிடும். எகன்பெர்கர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். திருச்சபை மண்டபங்களில் படம் காட்டி விளக்கினார். மக்களிடம் கையெழுத்து வாங்கி அரசின் முன் வைத்தார். 1922 ஜனவரியில் பெர்னில் கூடிய சுவிஸ் கழலை ஆணையம், அயோடின் கலந்த உப்பை விரும்புவோர் வாங்கலாம் என்று எல்லா மாநிலங்களுக்கும் பரிந்துரைத்தது. அடுத்த மாதமே எகன்பெர்கரின் மாநிலமான அப்பென்ட்ஸெல் ஔசர்ரோடன் அதை விற்கத் தொடங்கியது. ஒரு கிலோ உப்பில் 3.75 மில்லிகிராம் அயோடின். பிரான்சில் தோற்ற முயற்சியோடு ஒப்பிட்டால் இது மிக மிகச் சிறிய அளவு.

எதிர்ப்பும் இருந்தது. ஆராவ் நகர அறுவை மருத்துவரும் அரசியல்வாதியுமான ஓய்கன் பிர்ஹர், உப்புத் திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். அவருடைய தந்தை ஹைன்ரிச் பிர்ஹர் கழலையையும் பாறை வகைகளையும் இணைத்து 1883இல் வரைபடமே வெளியிட்டவர். பாறையிலிருந்து நீரில் இறங்கும் ஏதோ ஒன்றுதான் நோய்க்குக் காரணம் என்ற கொள்கை அந்த வீட்டில் வேரூன்றியிருந்தது. அயோடின் பற்றிய அச்சம் வெறும் பிடிவாதமும் அல்ல. நெடுங்காலக் கழலை உள்ள முதியவர்களுக்குத் திடீரென அயோடின் கிடைத்தால் சுரப்பி அளவுக்கு மீறி வேலைசெய்து இதயத்தைப் பாதிக்கக்கூடும்; கோஹரே இதைக் குறித்து எச்சரித்திருந்தார். அதனால்தான் முதல் திட்டத்தின் அளவு அத்தனை குறைவாக வைக்கப்பட்டது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக இணைந்து, நாடு முழுவதும் அந்த உப்பு கிடைக்க 1952 வரை ஆனது.

பயன் மட்டும் விரைவாகத் தெரிந்தது. ஓரிரு ஆண்டுகளிலேயே பிறந்த குழந்தைகளின் கழுத்து வீக்கம் மறையத் தொடங்கியது. பள்ளிக் குழந்தைகளிடம் கழலை குறைந்தது. பேச்சும் செவித்திறனும் இல்லாத குழந்தைகளுக்கான பள்ளிகளில் சேர்க்கை சரிந்தது. 1930க்குப் பிறகு பிறந்தவர்களிடையே புதிய கிரெட்டினிச நோயாளிகள் ஏறக்குறைய இல்லை என்ற நிலை வந்தது.

பாயார்ட் சோதித்த அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலும் டேவிட் மரைன், ஆலிவர் கிம்பல் இருவரும் எண்ணிக்கையோடு இதை நிறுவினார்கள். ஆக்ரன் நகரப் பள்ளி மாணவியரில் அயோடின் பெற்ற 2,190 பேரில் ஐந்து பேருக்கு மட்டுமே கழலை புதிதாக வளர்ந்தது. பெறாத 2,305 பேரில் 495 பேருக்கு வளர்ந்தது. 1924இல் மிச்சிகன் மாநிலக் கடைகளுக்கு அயோடின் உப்பு வந்தது.

கில்கிட், குன்னூர், காங்க்ரா

இமயமலையும் ஆல்ப்ஸைப் போலவே பனியும் மழையும் கழுவிய மண். காஷ்மீரின் கில்கிட்டில் பணியாற்றிய பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன், ஒரே ஓடையின் கரையில் கீழே போகப் போகக் கிராமங்களில் கழலை கூடுவதைக் கண்டார். மேலூரின் கழிவு கலந்த நீரே காரணம் என்று கருதி, அந்த நீரின் வண்டலைத் தானே குடித்துத் தன் கழுத்தை வீங்கவும் வைத்துக்கொண்டார். பின்னாளில் நீலகிரி மாவட்டம் குன்னூரில் அவர் தொடங்கிய ஆய்வுப் பணிதான் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்து, பிறகு ஹைதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது.

அதே குன்னூர் ஆய்வுக்கூடத்தில் 1947 முதல் சில ஆண்டுகள் பணியாற்றிய நோய்க்குறியியல் அறிஞர் வி. ராமலிங்கசுவாமி, 1956இல் தன் குழுவினருடன் இமயமலை அடிவாரத்தின் காங்க்ரா பள்ளத்தாக்குக்குப் போனார். சுமார் ஒரு லட்சம் பேர் வாழ்ந்த பகுதியை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு: ஒன்றில் பொட்டாசியம் அயோடைடு, மற்றொன்றில் பொட்டாசியம் அயோடேட். மூன்றாம் பகுதிக்கு வழக்கமான உப்பு. தொடக்கத்தில் பள்ளிக் குழந்தைகளில் பத்துக்கு ஏறக்குறைய நான்கு பேருக்குக் கழலை இருந்தது. ஆறு ஆண்டுகளில் அயோடின் பெற்ற பகுதிகளில் அது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. மூன்றாம் பகுதியில் மாற்றமே இல்லை. முடிவு உறுதியானதும் மூன்றாம் பகுதிக்கும் நல்ல உப்பு கொடுக்கப்பட்டது. 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியதற்கு இந்த ஆய்வு அடித்தளம்.

இதில் இந்திய உப்புக்கென்று ஒரு பாடமும் இருந்தது. ஆல்ப்ஸின் உலர்ந்த, தூய உப்பில் அயோடைடு தாக்குப்பிடித்தது. நம் ஊர் ஈரக்காற்றிலும் மாசு கலந்த கல்லுப்பிலும் அது விரைவில் பறந்துவிடும். அயோடேட் தாங்கும். தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து வரும் உப்பின் மீது தொழிற்கூடங்களில் தெளிக்கப்படுவது அந்த அயோடேட் கரைசல்தான். கடலிலிருந்து எடுப்பதால் நம் உப்பில் அயோடின் தானாகவே இருக்கும் என்று நினைப்பவர்கள் பலர் உண்டு. கடல்நீரில் அயோடின் மிகக் குறைவு. பாத்தியில் உப்பு விளையும்போது அதிலும் பெரும்பகுதி தங்குவதில்லை. அயோடின் கலக்காத உப்பை உணவுக்கு விற்பதற்கு நாடு முழுவதும் 1998இல் வந்த தடை 2000இல் விலக்கப்பட்டது. மீண்டும் 2006 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. உற்பத்தியிடத்தில் ஒரு கிலோவுக்கு 30 மில்லிகிராம், வாங்குபவர் கையில் சேரும்போது குறைந்தது 15 மில்லிகிராம் என்பது அப்போது வகுத்த விதி.

தீராத குறை

பெரியம்மை ஒழிந்தது போலக் கழலை ஒழிந்துவிடாது. கிருமியை இல்லாமல் செய்யலாம். மண்ணின் வேதியியலை மாற்ற முடியாது. உப்பில் அயோடின் சேர்ப்பது நின்றால் ஒரு தலைமுறைக்குள் பழைய நிலை திரும்பும். சுவிஸ் அரசு இதை உணர்ந்தே நடந்துகொள்கிறது. 1922இல் 3.75 மில்லிகிராமாக இருந்த அளவு 1962இல் 7.5 ஆகவும், 1980இல் 15 ஆகவும், 1998இல் 20 ஆகவும், 2014இல் 25 ஆகவும் உயர்த்தப்பட்டது. பள்ளிக் குழந்தைகள், கர்ப்பிணிகளின் சிறுநீர் மாதிரிகளில் அயோடினை அளந்து, அந்தக் கணக்கைப் பார்த்தே ஒவ்வொரு முறையும் அளவைத் திருத்துகிறார்கள்.

அந்த ஆய்வுகள் இப்போது புதிய கவலை ஒன்றைக் காட்டுகின்றன. குழந்தைகளுக்குப் போதிய அயோடின் கிடைக்கும் நிலையிலும் கர்ப்பிணிகளுக்குச் சற்றுக் குறைகிறது. மக்கள் இன்று உண்ணும் உப்பில் பெரும்பகுதி வீட்டு உப்புக் கிண்ணத்திலிருந்து வருவதில்லை. தொழிற்சாலை ரொட்டி, பாலாடைக்கட்டி, இறைச்சிப் பண்டங்கள், பொட்டல உணவுகள் வழியே வருகிறது. அவற்றைத் தயாரிப்பவர்கள் அயோடின் உப்பைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சுவிட்சர்லாந்தில் கட்டாயம் இல்லை. பாயார்டும் எகன்பெர்கரும் எல்லா வீட்டுச் சமையலறையையும் ஒரே உப்பால் எட்ட முடிந்த காலத்தில் வேலைசெய்தார்கள். இன்றைய மருத்துவர்கள் பேக்கரிகளிடமும் உணவு நிறுவனங்களிடமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கிரெஹென் கிராமத்தில் பிறக்கும் குழந்தைக்கு நாள்தோறும் வேண்டிய நுண்ணளவு அயோடின், இப்போது அந்தப் பேச்சுவார்த்தைகளின் முடிவைப் பொறுத்திருக்கிறது.